திரையில் மாறும் பொட்டும் கணக்கில் மாறும் எண்ணும்



இம்முறை சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன். நடிகர் நடிகையர் வம்பு என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சினிமாவில் வரும் பிழைகளைப் பற்றித்தான் பேச்சு. அதிலும் பணம், வங்கி, பங்குச் சந்தை என்று எடுத்த படங்களில் வரும் பிழைகள். தோட்டத்து வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "வங்கி கவிழ்ந்தது, கோடி கோடியாகப் போனது என்று படம் எடுக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்தவர்கள் போலப் பேசுகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடினால், நாம் குடியிருக்கும் இந்தச் சிங்கப்பூரிலேயே நடந்த ஒரு கதையில் போய் நிற்கிறோம். அதற்கு முன்னால், படத்தில் பிழை எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

பச்சைச் சேலை நீலமான கதை

தோட்டத் திடலில் இரண்டு மூங்கிலை நட்டு, வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டிய காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரு பாட்டி கட்டாயம் இருப்பார். படம் உருக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, "ஏன்டி, உள்ளே அழும்போது பச்சைச் சேலை கட்டியிருந்தாளே, வாசலுக்கு வர்றதுக்குள்ள எப்படி நீலமாச்சு?" என்று உரக்கக் கேட்பார். திடலே சிரிக்கும். கதாநாயகியின் கண்ணீர் வீணாகிப் போகும்.

பாட்டி கேட்டது மிகச் சரியான கேள்வி. திரையில் இரண்டு நிமிடம் ஓடும் ஒரு காட்சியைப் பல நாள்கள் எடுப்பார்கள். வீட்டுக்குள் நடப்பதைக் கோடம்பாக்கத்து அரங்கில் ஒரு மாதத்தில் எடுத்திருப்பார்கள். வாசல் காட்சியை வேறு ஊரில், வேறொரு மாதத்தில் எடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒட்டும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே மூச்சில் நடந்ததுபோல இருக்க வேண்டும். இதற்கென்றே உதவி இயக்குநர் ஒருவர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். எந்தச் சேலை, பொட்டு எந்த வடிவம், கடிகார முள் எங்கே நிற்கிறது, டம்ளரில் தண்ணீர் எவ்வளவு என்று ஒன்று விடாமல் குறித்துக்கொள்வார். படப்பிடிப்புக்காரர்கள் இதைக் 'கண்டினியூட்டி' என்பார்கள். தொடர்ச்சி என்று நாம் சொல்லலாம். அவர் ஒருநாள் கண்ணயர்ந்தால் பச்சை நீலமாகிவிடும்.

வெள்ளைக்காரர் படத்திலும் இது உண்டு. 1946ஆம் ஆண்டு வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற அமெரிக்கப் படம் மிகப் புகழ் பெற்றது. ஏழைகளுக்கு வீடு கட்டக் கடன் கொடுக்கும் ஒரு சிறிய சங்கத்தை நடத்துபவர் கதாநாயகர். அவருடைய சித்தப்பா வங்கியில் கட்டக் கொண்டுபோன 8,000 டாலரைத் தொலைத்துவிடுவார். அதே நாளில் ஒரு காட்சி. கதாநாயகர் கையில் மலர்வளையத்தை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறார். தொலைபேசியில் பேசுவதற்காக வளையத்தை மேசைமேல் போடுகிறார். அடுத்த நொடியே அது மறுபடியும் அவர் கையில் தொங்குகிறது! அத்தனை பெரிய இயக்குநர் ஃபிராங்க் காப்ரா எடுத்த படத்திலேயே இப்படி.

இது வெறும் பொருள் இடம் மாறிய பிழை. யாருக்கும் நட்டமில்லை. இன்னொரு வகைப் பிழை உண்டு. அது செய்திப் பிழை. 1987இல் ஆலிவர் ஸ்டோன் எடுத்த 'வால் ஸ்ட்ரீட்' என்ற படம் பங்குச் சந்தைப் படங்களுக்கெல்லாம் பெரியண்ணன். படத்தின் தொடக்கத்திலேயே ஆண்டு 1985 என்று எழுத்துப் போடுகிறார்கள். சற்று நேரத்தில் ஒரு பாத்திரம், பெரும் பணக்காரர் கெக்கோவைப் பற்றிப் பெருமை பேசுகிறது. 'சேலஞ்சர்' விண்கலம் வெடித்த சில நொடிகளிலேயே அவர் நாசாவின் பங்குகளை விற்கச் சொல்லித் தொலைபேசியைத் தூக்கினாராம். சேலஞ்சர் வெடித்தது 1986 ஜனவரி 28ஆம் தேதி. 1985இல் இருப்பவர் 1986இல் நடந்ததை எப்படிச் சொல்ல முடியும்? அது மட்டுமா, நாசா அமெரிக்க அரசாங்கத்தின் இலாகா. அதற்குப் பங்கே கிடையாது. இல்லாத பங்கை விற்றவர்தான் சூரர்! வேடிக்கையாகப் பேசிய பேச்சு என்று சிலர் சமாதானம் சொல்லலாம். தேதிக்குச் சமாதானம் இல்லை.

இந்தத் தேதி விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதைக்கு அதுதான் சாவி.

ஏழாவது நிலையத்தில் நடந்த கதை

தோ பாயோவில் எம்ஆர்டி ரயில் ஏறினால் ஏழாவது நிலையம் ராபிள்ஸ் பிளேஸ். சிங்கப்பூரின் வங்கிகளெல்லாம் வானத்தை முட்டி நிற்கும் இடம். அந்த வட்டாரத்தில் 1992 முதல் 1995 வரை வேலை பார்த்த நிக் லீசன் என்ற ஆங்கிலேய இளைஞரைப் பற்றி எடுத்த படம்தான் 'ரோக் டிரேடர்'. போக்கிரி வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் டியர்டன் இயக்கி, இவான் மெக்ரெகர் நடித்து 1999இல் வந்தது.

கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரிங்ஸ் என்பது லண்டனில் 1762இல் தொடங்கிய வங்கி. ராணியாரே அதில் கணக்கு வைத்திருந்தார். அந்த வங்கியின் சிங்கப்பூர்க் கிளையிலிருந்து, 'சைமெக்ஸ்' என்ற நிதிச் சந்தையில் வாங்கி விற்பதுதான் லீசனின் வேலை.

அங்கே என்ன வாங்கி விற்றார்கள்? இது தோட்டத்தாருக்குப் புரியாத விஷயமே இல்லை. மூன்று மாதம் கழித்துத் தரப்போகும் ரப்பருக்கு இன்றைக்கே விலை பேசி முடிப்பார்கள் அல்லவா? மரத்தில் பால் இன்னும் சுரந்திருக்காது, விலை மட்டும் முடிந்திருக்கும். பிறகு விலை ஏறினால் வாங்கியவருக்கு லாபம், இறங்கினால் விற்றவருக்கு லாபம். சிங்கப்பூரில் ரப்பருக்கு இன்றும் இப்படிப்பட்ட சந்தை நடக்கிறது. லீசன் செய்ததும் இதே மாதிரிதான். ரப்பருக்குப் பதிலாக, ஜப்பானியப் பங்குச் சந்தையின் குறியீட்டு எண் ஏறுமா இறங்குமா என்பதன்மேல் விலை பேசினார். இன்று எல்லாம் கணினியில் நடக்கிறது. அன்று கலர் கலரான சட்டை போட்டுக்கொண்டு, கையை ஆட்டி, தொண்டை கிழியக் கத்தித்தான் வியாபாரம்.

லீசன் நட்டப்பட்டார். நட்டத்தை 88888 என்ற எண்ணுள்ள ஒரு கணக்கில் ஒளித்து வைத்தார். எட்டு என்றால் சீனர்களுக்கு ராசி. ஐந்து எட்டு போட்டும் ராசி வேலை செய்யவில்லை. 1995 பிப்ரவரி 23ஆம் தேதி அவர் மனைவியோடு சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிவிட்டார். மூன்று நாளில் வங்கி கவிழ்ந்தது. நட்டம் 82 கோடி பவுண்டுக்கும் மேல். இருநூற்று முப்பத்து மூன்று வயதான வங்கியை ஹாலந்து நாட்டு ஐஎன்ஜி நிறுவனம், கடன்களை ஏற்றுக்கொண்டு, ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. லீசன் ஜெர்மனியில் பிடிபட்டுச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார். 1995 டிசம்பர் 2ஆம் தேதி ஆறரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

படத்தின் கதை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். லீசன் சிறையில் இருந்த காலத்தில், 1996இல், அவர் பெயரில் வெளிவந்த புத்தகத்திலிருந்து வந்தது. தம் வழக்குக்குத் தாமே வக்கீலாக நின்றவர் சொன்ன கதை. அதனால் படத்தில் கண்ணாடி டம்ளர் இடம் மாறியதா, கார் எண் மாறியதா என்று தேடுவதைவிட, கதை இடம் மாறியதா என்று தேடுவதே நமக்குப் பயன். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதல் இடம்: எது முன், எது பின்?

லீசன் சொல்லும் கதை மனத்தை இளக்குகிற கதை. வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண்பிள்ளை. சம்பளமோ குறைவு. வாடிக்கையாளர் 20 ஒப்பந்தம் வாங்கச் சொல்ல, அந்தப் பெண் பதற்றத்தில் 20 ஒப்பந்தத்தை விற்றுவிடுகிறாள். நட்டம் சுமார் 20,000 பவுண்டு. மேலிடத்துக்குச் சொன்னால் பிள்ளையின் வேலை போய்விடும். அந்தப் பாவத்துக்கு அஞ்சித்தான் அதை 88888க்குள் தள்ளினேன், அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்கிறார். கேட்கிற நமக்கே, 'ஐயோ பாவம், நல்ல மனசுக்காரன்' என்று தோன்றும்.

தேதியைப் பார்ப்போம். அந்தப் பெண்ணின் கைத்தவறு நடந்ததாக அவர் சொல்லும் நாள் 1992 ஜூலை 17. இங்கிலாந்து மத்திய வங்கியின் மேற்பார்வைக் குழு விசாரித்து 1995இல் வெளியிட்ட அறிக்கை வேறு தேதிகளைத் தருகிறது. 88888 கணக்கைத் திறந்தது 1992 ஜூலை 3ஆம் தேதி. அடுத்த சில நாள்களிலேயே, அந்தக் கணக்கின் விவரம் லண்டனுக்குப் போகும் அறிக்கைகளில் வராதபடி கணினி நிரலை மாற்றச் சொல்லியிருக்கிறார்.

கணக்கைத் திறக்கச் சொன்னதே லண்டன்தான், சில்லறைத் தவறுகளைப் போட்டு வைக்கத்தான் என்று அவர் சொல்வார். இருக்கட்டும். சில்லறைத் தவறை லண்டன் பார்க்கக்கூடாது என்று எதற்காகக் கணினியை மாற்ற வேண்டும்? பிள்ளை தவறு செய்த நாளுக்கு முன்பே, ஒளித்து வைக்கும் குழி வெட்டித் தயாராக இருந்தது. இதைத்தான் திடலில் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்பார்: "ஏன்யா, களவு போனது வெள்ளிக்கிழமை என்கிறாய், பூட்டை அதற்கு முந்தின வாரமே உடைத்து வைத்திருக்கிறாயே?"

இரண்டாம் இடம்: பூமி குலுங்கியதாலா?

படம் பார்த்தவர்களைக் கேட்டால், "ஜப்பானில் நிலநடுக்கம் வந்தது, அதில்தான் அவர் மாட்டிக்கொண்டார்" என்பார்கள். 1995 ஜனவரி 17ஆம் தேதி விடியற்காலையில் கோபே நகரம் குலுங்கியது உண்மை. 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜனவரி 23ஆம் தேதி ஜப்பானியக் குறியீட்டு எண் ஒரே நாளில் 1,000 புள்ளிக்கும் மேல் விழுந்ததும் உண்மை. சந்தை பெரிதாக ஏறாது இறங்காது என்று பந்தயம் கட்டியிருந்த லீசனுக்கு அது பேரிடி.

ஆனால் அதே அறிக்கையிலுள்ள எண்களைப் பாருங்கள். 1992 முடிவில் மறைந்திருந்த நட்டம் 20 லட்சம் பவுண்டு. 1993 முடிவில் 2 கோடியே 30 லட்சம். 1994 முடிவில் 20 கோடியே 80 லட்சம். நிலநடுக்கம் வருவதற்கு முன்பே இவ்வளவு! அந்த 1994ஆம் ஆண்டுக்குத்தான் அவர் சுமார் 2 கோடியே 85 லட்சம் பவுண்டு லாபம் காட்டியிருந்தார். ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய பத்து மடங்காக வளர்ந்த நட்டம் அது. வட்டிக்காரரிடம் சிக்கிய குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன், அதை அடைக்க அதைவிடப் பெரிய கடன். கடைசியில் ஒருநாள் மழை பெய்து வேலை நின்றால், "மழையால் கெட்டோம்" என்பார்கள். மழை கடைசித் துளிதானே!

மூன்றாம் இடம்: தனி ஆள் செய்ததா?

படத்தின் பெயரே ஒரு ஆளைத்தான் காட்டுகிறது. ஒரு போக்கிரி, ஒரு வங்கி. மேலதிகாரிகள் ஒன்றும் தெரியாத அப்பாவிகளாக, பணத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். சிங்கப்பூர் அரசாங்கம் நியமித்த ஆய்வாளர்களின் அறிக்கை 1995 அக்டோபரில் வந்தது. 88888 கணக்கு இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்று மேலிடத்தார் சொன்னதை அந்த ஆய்வாளர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை.

இதைத் தோட்டக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். பால்மரம் சீவிய காலத்தில் என்ன நடந்தது? வாளியில் பாலைக் கொண்டுபோய் வைப்போம். ஒருவர் நிறுப்பார். ஒருவர் எடையைக் கூவுவார். கிராணி புத்தகத்தில் எழுதுவார். மாதக் கடைசியில் துரை கையெழுத்துப் போடுவார். சம்பளம் எண்ணிக் கொடுக்கும்போது வேறு கண்களும் பார்க்கும். அத்தனை பேர் இருந்தும், எடை குறைந்தது என்று சண்டை வராத தோட்டம் உண்டா? எங்கள் பாட்டி தினமும் மாலையில், லயத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பார். இத்தனை நாள் பெரட்டுக்குப் போனேன், இத்தனை வாளி பால் கொடுத்தேன் என்று. எழுதப் படிக்கத் தெரியாதவர். சம்பள நாளன்று சுவரைப் பார்த்துவிட்டுத்தான் காசை வாங்கப் போவார். ஒருமுறை இரண்டு நாள் பேர் விடுபட்டிருந்தது. சுவரில் கோடு இருந்ததால் வாதாடி வாங்கினார்.

பேரிங்ஸ் சிங்கப்பூர்க் கிளையில் நிறுப்பவரும் லீசன், கூவுபவரும் லீசன், எழுதும் கிராணிக்கு மேலாளும் லீசன். சந்தையில் வாங்கி விற்பதும் அவர் பொறுப்பு. வாங்கி விற்றதைப் பதிந்து சரிபார்க்கும் அலுவலகமும் அவர் பொறுப்பு. 1994ஆம் ஆண்டிலேயே வங்கியின் சொந்தக் கணக்காய்வாளர் வந்து பார்த்து, இரண்டு பொறுப்பும் ஒரே கையில் இருப்பது ஆபத்து என்று எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் பொறுப்புகள் உடனே பிரிக்கப்படவில்லை. லாபம் கொண்டுவருகிற ஆளிடம் கேள்வி கேட்க யாருக்கு மனம் வரும்? லாபம் காட்டுவதால் அவருக்கும் வெகுமதி, மேலிருப்பவர்களுக்கும் வெகுமதி.

யாரும் பார்க்காத ஒரு வரி

இப்போது சொல்லப்போவது சினிமாவில் வந்தால் நம்ப மாட்டீர்கள்.

1995 தொடக்கத்தில் வெளிக் கணக்காய்வாளர்கள் ஒரு பெரிய தொகை எங்கே என்று கேட்டார்கள். ஏறத்தாழ 5 கோடி பவுண்டு. இன்ன அமெரிக்க நிறுவனம் அந்தத் தொகையைத் தர வேண்டியிருக்கிறது, இதோ அவர்கள் கடிதம் என்று லீசன் காட்டினார். கடிதம் பொய். கத்தரிக்கோலும் பசையும் கொண்டு, வேறு தாளிலிருந்த கையெழுத்தை வெட்டி ஒட்டித் தயாரித்தது. அதைத் தொலைநகலில் அனுப்பினார். தொலைநகல் இயந்திரம் ஒவ்வொரு தாளின் தலையிலும் அனுப்புகிறவர் பெயரைத் தானே அச்சடிக்கும் அல்லவா? அமெரிக்க நிறுவனத்திலிருந்து வந்ததாகச் சொன்ன அந்தத் தாளின் தலையில், 'நிக், லிசாவிடமிருந்து' என்று இருந்தது! லீசன் வீட்டு இயந்திரம். அவர் பெயரும் மனைவி பெயரும்.

பச்சைச் சேலை நீலமானதைவிடப் பெரிய பிழை இது. நம் திடல் பாட்டி அங்கே இருந்திருந்தால், "என்னடா இது, அமெரிக்காக்காரன் கடிதத்தில் உன் பெண்டாட்டி பேர் எப்படி வந்தது?" என்று ஒரே கேள்வியில் முடித்திருப்பார். படித்துப் பட்டம் பெற்றவர்கள் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். பிறகு லீசன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட இரண்டு குற்றங்களில் ஒன்று, வங்கியின் கணக்காய்வாளர்களை ஏமாற்றியது. மற்றது, சந்தையை ஏமாற்றியது.

படப்பிடிப்பில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் உதவி இயக்குநரைச் சொன்னேன் அல்லவா? பணம் புழங்கும் இடத்தில் கணக்காய்வாளர்தான் அந்த ஆள். நேற்று இருந்தது இன்று இருக்கிறதா, மேலே சொன்னது கீழே பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. படத்தில் அவர் தூங்கினால் நாம் சிரிக்கிறோம். வங்கியில் அவர் தூங்கினால் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் தெருவைப் பார்க்கிறார்கள், பணம் போட்டவர்கள் தலையில் கை வைக்கிறார்கள்.

நம் வீட்டுக் கணக்கு

"வெள்ளைக்காரன் வங்கி கவிழ்ந்தால் எங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நமக்கும் உண்டு.

1982இல் மலேசியாவில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது, இந்தியர்களுக்கென்று ஒரு பெரிய நிறுவனம் வருகிறது என்று எத்தனை தோட்டத்துக் குடும்பங்கள் பங்கு வாங்கின! தாலிக்கொடியை அடகு வைத்தவர்களும் உண்டு. 60,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 10 கோடி வெள்ளிக்கும் மேல் போட்டார்கள். போட்ட பணம் என்ன ஆயிற்று என்று ஆண்டுக்கணக்கில் கேட்டவர்கள் இருந்தார்கள். 2010இல், ஒரு வெள்ளி கொடுத்து வாங்கிய பங்குக்கு 80 காசு தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்து 80 காசு. அதற்குள் பங்குப் பத்திரம் இருந்த பெட்டியைத் திறக்க ஆளில்லாமல் போன வீடுகளும் இருந்தன. மைக்காவையும் லீசனையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. பணம் போட்டவருக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்றைக்கும் கூட்டுப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல்லான 'கூட்டு' இருக்கிறது என்றால், நம்மவர்கள் எவ்வளவு இழந்திருப்பார்கள் என்று பாருங்கள். இப்போது கைப்பேசியில் வருகிறார்கள். "ஆயிரம் போடுங்கள், மாதம் நூறு வரும்" என்கிறார்கள். பழகிய முகமாக, கோயிலில் பார்த்த முகமாக இருக்கும். அவர் சொல்லும் கதையும் லீசனின் கதைபோல மனத்தை இளக்கும்.

தாய்மார்களே, பணத்தைக் கொடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: பணத்தை வாங்குகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளா? ஆம் என்றால், அவர் சொந்த அண்ணனாக இருந்தாலும் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு: காட்டுகிற தாள் யாரிடமிருந்து வந்தது? வங்கிக் கடிதம் என்றால், நீங்களே வங்கிக்குப் போய்க் கேளுங்கள். அவர் கொடுக்கும் தொலைபேசி எண்ணில் கேட்காதீர்கள். தாளின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்று: தேதி வரிசை சரியாக இருக்கிறதா? சங்கத்தைப் பதிந்தது எப்போது, பணம் வாங்கத் தொடங்கியது எப்போது, ரசீது கொடுத்தது எப்போது? எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பொய் இருந்தால் தேதியில்தான் முதலில் தலை நீட்டும்.

நான்கு: லாபம் மட்டுமே வருகிறதா? மழைக்காலத்தில் பால் குறையும், இலை உதிரும் காலத்தில் மரம் ஓய்வெடுக்கும். நல்ல மரமே அப்படி என்றால், மாதம் தவறாமல் ஒரே அளவு சுரக்கிற மரம் எது? 1994இல் லீசன் காட்டிய மரம் அப்படித்தான் சுரந்தது.

கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்ற கூச்சம் வேண்டாம். ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர் கேட்டவுடன் புத்தகத்தைத் திறந்து காட்டுவார். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். பலகாரமும் தேநீரும் முடிந்ததும் கிளம்பிவிடாமல், கணக்கு வாசிக்கும் நேரம்வரை இருங்கள். போன ஆண்டு முடிவில் இருந்த தொகைதான் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாலே போதும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

இனிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்க்கும்போது ஒரு விளையாட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேலை மாறியதா, பொட்டு மாறியதா, கடிகார முள் பின்னால் போனதா? கண்டுபிடித்தவருக்கு ஒரு வடை. அந்தப் பழக்கம் அவர்கள் பெரியவர்களாகி, ஒரு சம்பளச் சீட்டையோ கடன் பத்திரத்தையோ கையில் வாங்கும்போது உதவும். கேள்வி கேட்டு எழுதிய வாசகிக்கும் இதுவே என் பதில்: பிள்ளைகள் படம் பார்க்கட்டும் அம்மா, தடுக்காதீர்கள். பார்த்து முடித்ததும், "இது யார் சொன்ன கதை? எது முதலில் நடந்தது?" என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

உங்கள் தோட்டத்திலோ ஊரிலோ கணக்கைச் சரிபார்த்துப் பணத்தைக் காப்பாற்றிய பாட்டிமார், அம்மாமார் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.